கேள்வி – பதில்: வாசலில் நின்ற கார்

கேள்வி: பெற்றோரை மீறும் பதின்ம வயதுப் பெண்ணைப் பற்றிய என் சிறுகதை அறிவுரையாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: ஜோய்ஸ் கரோல் ஓட்ஸ் 1966இல் வெளியிட்ட ‘எங்கே போகிறாய், எங்கே போயிருந்தாய்?’ என்ற அமெரிக்கச் சிறுகதையைப் படித்துப் பாருங்கள். உறவினர் வீட்டு விருந்துக்கு வர மறுத்துத் தனியே இருக்கும் 15 வயதுக் கோனியைத் தேடிப் பொன்னிறக் காரில் வருபவன் இளைஞனே அல்லன் என்பதை, அவனது முகமும் கால்களுக்குப் பொருந்தாத சப்பாத்தும் சிறிது சிறிதாகக் காட்டிக்கொடுக்கின்றன. அவன் கதவை உடைப்பதில்லை. வீட்டாருக்குத் தீங்கு நேரும் என்று பேசியே அவளை வெளியே வரவைக்கிறான். அதன்பின் நடந்தது சொல்லப்படுவதில்லை.

உங்கள் நாயகி ஏ9 வீதியோரமாக டியூசன் முடிந்து சைக்கிள் உருட்டி வருபவளாக இருக்கலாம். அவளைக் கவரும் குரல் முதலில் வாசகருக்கும் இனிக்க வேண்டும். (தாயின் புலம்பலோடு மட்டும் முடித்துவிடாதீர்கள்.)