விமர்சகர்கள் விலைபோனார்களா?

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடை' படத்துக்கு, விமர்சனங்களைத் திரட்டிச் சதவீதம் காட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்கள் கொடுத்தது 91 சதவீதம். ரசிகர்கள் கொடுத்ததோ 41-ஐ ஒட்டி. அடுத்து வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்துக்கு அப்படியே தலைகீழ்: விமர்சகர்கள் 51, ரசிகர்கள் 86. கம்பெனியிடம் வாங்கிக்கொண்டு எழுதும் விமர்சகர்களை இனியும் நம்ப வேண்டுமா? டிக்கெட் எடுத்துப் பார்க்கிறவன் சொல்வதுதானே கடைசித் தீர்ப்பு?

பதில்: உங்கள் குற்றச்சாட்டுக்கு மறுப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரண்டு படங்களையும் தயாரித்தது லூகாஸ்ஃபிலிம், வெளியிட்டது டிஸ்னி. எழுதிய விமர்சகர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். 2017-இல் காசு வாங்கிக்கொண்டு புகழ்ந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2019-இல் வந்தது 42 ஆண்டுகளாக ஒன்பது படங்களில் சொல்லப்பட்ட கதையின் கடைசிப் படம். கம்பெனிக்கு நல்ல பெயர் ரொம்பவும் தேவைப்பட்ட நேரம். அப்போது மட்டும் அந்த விமர்சகர்களில் பாதிப் பேர் ஏன் படத்தைத் திட்டினார்கள்? ஒருவர் எழுதியது பிடிக்கவில்லை என்றால் அந்த எழுத்தோடு தாராளமாகச் சண்டை போடுங்கள். கைநீட்டிக் காசு வாங்கினார் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். அது உங்களிடம் இல்லை.

'டிக்கெட் எடுத்தவன் சொல்வதுதான் தீர்ப்பு' என்ற வாதமும் உங்களுக்கு உதவாது. 'தி லாஸ்ட் ஜெடை' உலகம் முழுவதும் ஏறத்தாழ 133 கோடி டாலர் வசூலித்தது. ரசிகர்கள் 86 கொடுத்த 'ஸ்கைவாக்கர்' 107 கோடியோடு நின்றுவிட்டது. டிக்கெட்டை வைத்துத் தீர்ப்பு எழுதினால் நீங்கள் வெறுக்கும் படம்தான் ஜெயிக்கிறது. நான் அப்படித் தீர்ப்பு எழுதமாட்டேன். 2015-இல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதோடு ஒப்பிட்டால் இரண்டுமே இறக்கம்தான்.

அந்த எண்களையே கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 91 என்றால் விமர்சகர்கள் நூற்றுக்கு 91 மார்க் போட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பரீட்சையில் 40 எடுத்தவனும் பாஸ், 98 எடுத்தவனும் பாஸ். இந்த எண், நூற்றுக்கு எத்தனை விமர்சகர்கள் படத்துக்குப் பாஸ் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. நூறு விமர்சகர்கள் 'பரவாயில்லை, பார்க்கலாம்' என்று எழுதினாலே அந்தத் தளத்தில் 100 சதவீதம் வந்துவிடும். 'தி லாஸ்ட் ஜெடை' பற்றிய நல்ல விமர்சனங்களைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கேன்டோ பைட் சூதாட்ட நகரத்துக் காட்சிகள் இழுவை, படம் நீளம் என்ற புகார் அவற்றிலேயே பலவற்றில் இருக்கிறது. அந்தப் புகார்கள் எதுவும் 91-க்குள் தெரிவதில்லை.

அப்புறம், ரசிகர்கள் கொடுத்த 41. அன்றைக்கு அந்தத் தளத்தில் கணக்கு வைத்திருந்த யாரும் படத்தைப் பார்க்காமலே மதிப்பெண் போடலாம். கோபப்பட்டவர் உடனே போய்ப் போடுவார். பிடித்துப் பார்த்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். 2019-இல்தான் டிக்கெட் வாங்கியவர்களின் மதிப்பெண்ணைத் தனியே சரிபார்த்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆக, உங்கள் 41-உம் 86-உம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் அமெரிக்காவில் படம் வெளியாகும் நாளிலேயே, தியேட்டருக்கு வந்தவர்களிடம் கையோடு அட்டை கொடுத்துக் கேட்கிறது. அங்கே 'தி லாஸ்ட் ஜெடை' வாங்கியது ஏ கிரேடு. 'ஸ்கைவாக்கர்' வாங்கியது பி பிளஸ். முதல் நாளே அடித்துப் பிடித்து ஓடுகிறவர்கள் யார்? தீவிர ரசிகர்கள்தானே? கேட்கும் முறையை மாற்றினால் 'ரசிகர்களின் தீர்ப்பு' நேர் எதிராகத் திரும்பிவிடுகிறது. பிறகு எந்த ரசிகனை நம்பச் சொல்கிறீர்கள்?

எண்களைத் தள்ளி வைத்தாலும் மனக்கசப்பு உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. அதன் வேர் ஒரே காட்சியில் இருக்கிறது. 'ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' கடைசியில் புதிய நாயகி ரே ஒரு தீவின் படிகளில் ஏறிப் போய், பழைய படங்களின் நாயகன் லூக் ஸ்கைவாக்கரிடம் அவருடைய பழைய லைட்சேபரை, அதாவது ஒளிவாளை, நீட்டுவாள். படம் அங்கேயே முடியும். இரண்டு ஆண்டுகள் அந்த நீட்டிய கையோடு ரசிகர்கள் காத்திருந்தார்கள். அடுத்த படத்தில் லூக் அதை வாங்கினார், ஒரு பார்வை பார்த்தார், தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு நடந்தார்.

மாதம் முழுக்கப் படம் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் விமர்சகருக்கு அது புத்துணர்ச்சி. எதிர்பார்த்தது நடக்காத ஒரு காட்சிக்காக அவர் ஏங்கிப் போயிருப்பார். 1983-இல் சிறுவனாக லூக்கைப் பார்த்துவிட்டு 34 ஆண்டுகள் மனதில் சுமந்தவருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தொடர்படங்களில் இந்தப் பிளவு அடிக்கடி வருவதற்குக் காரணமும் இதுதான்: விமர்சகர் அன்றைக்குத் திரையில் ஓடிய இரண்டரை மணி நேரத்தை எடை போடுகிறார்; ரசிகர் தனக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று பார்க்கிறார்.

ரசிகர்களின் வலுவான கேள்வி வேறொன்று. பழைய படங்களின் வில்லனான தன் அப்பா டார்த் வேடரிடமே நல்ல மனம் இருக்கிறது என்று நம்பிய லூக், 'தி லாஸ்ட் ஜெடை'யில் காட்டுவதுபோல, தூங்கிக்கொண்டிருக்கும் தங்கை மகனைக் கொல்ல ஒரு நொடியாவது ஆயுதத்தை ஏற்றுவாரா? லூக்காக நடித்த மார்க் ஹாமிலே அந்தக் கதைப்போக்கில் தனக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு அதைப் பொதுவில் பேசியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். கேள்வி நியாயமானதுதான். என் பதிலைச் சொல்கிறேன்: ஏற்றுவார். 1983-இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். தங்கை லேயாவைத் தன் பக்கம் இழுப்பேன் என்று வேடர் மிரட்டியதும் லூக் வெறிகொண்டு பாய்கிறார், அப்பாவின் கையை வெட்டி வீழ்த்துகிறார். அறுந்த அந்த இயந்திரக் கையைப் பார்க்கிறார், தன் இயந்திரக் கையைப் பார்க்கிறார், அப்போதுதான் நிதானத்துக்கு வருகிறார். நிதானம் வந்ததும் என்ன செய்தார்? லைட்சேபரை வீசி எறிந்தார். பாசம் வைத்தவர்களுக்கு ஆபத்து என்றால் ஒரு கணம் தடுமாறி, அடுத்த கணம் தன்னையே கண்டு பயப்படுகிற மனிதர் அவர். 'தி லாஸ்ட் ஜெடை' இயக்குநர் ரியான் ஜான்சன் காட்டிய லூக் அதே ஆள்தான், வயதாகி, தனிமையில் நொந்துபோனவராக.

இதை அன்றைக்கு எத்தனை விமர்சகர்கள் ரசிகர்களோடு உட்கார்ந்து வாதாடினார்கள்? மிகக் குறைவு. அங்கேதான் விமர்சகர்கள்மீது எனக்குக் கோபம். அந்தப் படத்தில் ரோஸ் டிகோவாக நடித்த கெல்லி மேரி டிரான் மீது இனவெறியும் பெண் வெறுப்பும் கலந்து கொட்டினார்கள். 2018-இல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை எல்லாம் எடுத்துவிட்டார். அதைச் செய்தவர்களுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் படம் பிடிக்காத எல்லோரையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்து எழுதியது அநியாயம். லூக்கைப் பற்றி வருத்தத்தோடு கேட்டவனுக்கும் ஒரு நடிகையைத் துரத்தி அடித்தவனுக்கும் ஒரே பதில் கிடைத்தது.

எல்லோரையும்விடப் பெரிய தவறு தயாரித்தவர்களுடையது. 'ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' படத்தில் ரே லைட்சேபரைத் தீயில் வீசுகிறாள். லூக்கின் ஆவி வந்து அதைப் பிடித்துக்கொண்டு, ஜெடை வீரரின் ஆயுதத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறது. கதைக்குள் ஒரு காட்சியாகப் பார்த்தால் சரிதான். ஆனால் அது முந்தைய படத்துக்காக ரசிகர்களிடம் கேட்கும் மன்னிப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ரேயின் பெற்றோர் பெயரில்லாத யாரோ என்று ஒரு படம் சொன்னது. இல்லை, அவள் பேரரசன் பால்படீனின் பேத்தி என்று அடுத்த படம் மாற்றியது. முந்தைய படத்தில் முக்கியப் பாத்திரமாக இருந்த ரோஸ் இதில் அங்கங்கே தலைகாட்டுவதோடு சரி. திட்டியவர்களைச் சமாதானப்படுத்தக் கதையை வளைத்தார்கள். அந்த 86 அப்படிக் கிடைத்தது. அதை ரசிகர்களின் வெற்றி என்று என்னால் கொண்டாட முடியவில்லை.

இன்று இந்த வரிசையிலேயே சிறந்தது என்று கொண்டாடப்படும் 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' 1980-இல் வந்தபோது விமர்சகர்கள் ஒரே குரலில் பாராட்டவில்லை. 2010-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. இதை வைத்து 'தி லாஸ்ட் ஜெடை'யும் ஒருநாள் அந்த இடத்துக்கு வரும் என்று நான் சோதிடம் சொல்லவில்லை. விமர்சகரும் ரசிகரும் ஒன்றாகப் பாராட்டிய 'பிளேட் ரன்னர் 2049' போட்ட பணத்துக்கே திண்டாடியது. விமர்சகர்களிடம் 30-ஐ ஒட்டி வாங்கிய 'ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன்' 100 கோடி டாலரைத் தாண்டியது. மூன்றையும் ஒரே சூத்திரத்தில் அடக்க என்னால் ஆகாது.

விமர்சகர்களை நம்ப வேண்டுமா என்று கேட்டீர்கள். சதவீதத்தை நம்பாதீர்கள். படத்தைப் பார்த்துவிட்டு வந்து, உங்களோடு ஒத்துப்போகிற விமர்சனம் ஒன்றையும், எரிச்சலூட்டுகிற விமர்சனம் ஒன்றையும் முழுதாகப் படியுங்கள். லூக் அப்படிச் செய்யவே மாட்டார் என்று அதற்குப் பிறகும் தோன்றினால், எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் முழுதாகப் போடுகிறேன்.