ஃபைனலே நடக்காத வேர்ல்ட் கப்: ஒரு வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதுறது இப்போதான். சின்ன வயசுலேர்ந்து எனக்கு க்விஸ்னா உயிர். ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல மாசாமாசம் ஒருத்தர் கேள்வி தயார் பண்ணுவோம், வரலாறு, விளையாட்டு, சினிமா, புவியியல்னு எல்லாம் கலந்து வரும். போன தடவை "1950 ஃபுட்பால் வேர்ல்ட் கப் ஃபைனல்ல ஜெயிச்சது யார்?"னு ஒரு கேள்வி. நான் உருகுவேன்னு சொன்னேன். இன்னொருத்தர் அந்த வருஷம் ஃபைனலே நடக்கலன்னு சொல்லிட்டார், ராத்திரி பூரா ஒரே வாக்குவாதம். அதுக்கு நடுவுல "உலகத்துலயே உயரமான மலை எவரெஸ்ட் இல்ல"ன்னு வேற ஒருத்தர் ஆரம்பிச்சுட்டார். கடைசில, இந்த துண்டு துக்கடாவை எல்லாம் மண்டைல ஏத்தி என்ன பண்ணப் போறீங்க, போன்ல தட்டினா ரெண்டு செகண்டுல வந்துடுமேன்னு ஒருத்தர் கேட்டார். எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு, பதில் சொல்லத் தெரியல. அடுத்த மாசம் கேள்வி தயார் பண்ற முறை என்னோடது. எந்த மாதிரி கேள்வி வைக்கலாம்? இதெல்லாம் நிஜமாவே வெறும் துண்டு துக்கடாதானா?

அன்புடன்,
ஒரு வாசகன்



அன்புள்ள தம்பிக்கு,

முதல்ல உங்க சண்டையைத் தீர்த்துடலாம். கப்பை ஜெயிச்சது உருகுவேதான், அதுல மாற்றமே இல்ல. ஆனா ஃபைனல் நடக்கலன்னு சொன்னவர் சொன்னதும் சரி. 1950ல பிரேசில்ல நடந்த அந்தப் போட்டில கடைசிக் கட்டத்தை நாலு டீம் விளையாடுற ஒரு குரூப்பா வச்சிருந்தாங்க: பிரேசில், உருகுவே, ஸ்வீடன், ஸ்பெயின். ஒவ்வொரு டீமும் மத்த மூணு டீமோட ஆடணும், யார் பாயிண்ட் அதிகமோ அவங்களுக்குக் கப். பிரேசில் ஸ்வீடனை 7-1னும் ஸ்பெயினை 6-1னும் நொறுக்கிட்டு வந்து நிக்குது, உருகுவே ஸ்பெயினோட டிரா பண்ணி ஸ்வீடனை 3-2ன்னு தட்டுத்தடுமாறி ஜெயிச்சு ஒரு பாயிண்ட் பின்னாடி நிக்குது. ஜூலை 16ஆம் தேதி மரக்கானா ஸ்டேடியத்துல ரெண்டு பேரும் மோதுறாங்க, பிரேசிலுக்கு டிரா பண்ணினாலே போதும். முதல் கோலும் பிரேசிலோடதுதான். அப்புறம் உருகுவே பக்கம் ஸ்கியாஃபினோ ஒண்ணு, 79வது நிமிஷத்துல கிஜ்ஜியா ஒண்ணு, 2-1, முடிஞ்சது. அதே நாள்ல சாவ் பாலோல ஸ்வீடனும் ஸ்பெயினும் இன்னொரு மேட்ச் ஆடிட்டு இருந்தாங்க, ஃபைனல்னா அன்னைக்கு இன்னொரு மேட்ச் ஏன் நடக்கணும்? இதைச் சொன்னா உங்க குரூப்ல யாரும் மறுக்க மாட்டாங்க.

ஆனா எனக்குப் புடிச்ச கேள்வி இதுக்கு அடுத்தது. ஏன் ஃபைனல் வைக்கல? நாக்அவுட் வச்சா தோத்த டீம் உடனே மூட்டை கட்டிடும், மேட்ச் எண்ணிக்கை குறையும், டிக்கெட் வருமானமும் குறையும். பிரேசில் புதுசா அவ்ளோ பெரிய ஸ்டேடியம் கட்டி வச்சிருக்கு, செலவை எடுக்கணும், அதனால குரூப் முறைதான் வேணும்னு போட்டியை நடத்தினவங்க நின்னாங்க. பணக் கணக்குக்காக எடுத்த ஒரு முடிவு, எழுபது வருஷம் கழிச்சு உங்க குரூப்ல ராத்திரி தூக்கத்தைக் கெடுத்திருக்கு!

போன்ல தட்டினா வந்துடுமேன்னு கேட்டவருக்கு என் பதில் இதுலயே இருக்கு. போன் நாம கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஃபைனல்ல ஜெயிச்சது யாருன்னு கேட்டா உருகுவேன்னு வரும், ஃபைனல் நடந்துச்சான்னு கேக்கணும்னு யாருக்குத் தோணும்? ஏற்கனவே உள்ளுக்குள்ள கொஞ்சம் விஷயம் கிடந்தாத்தான் அடுத்த கேள்வியே வரும். "முதல்", "பெரிய", "நீளமான", "உயரமான"னு வர்ற எந்த க்விஸ் கேள்வியை எடுத்தாலும் அதுக்குப் பின்னாடி எங்கயோ சில பேர் உக்காந்து, எதை எங்கேர்ந்து எப்படி அளக்கணும்னு முடிவு பண்ணியிருக்காங்க. அந்த முடிவைத் தெரிஞ்சுக்கிட்டா அது துண்டு துக்கடாவா இருக்காது.

எவரெஸ்டையே எடுத்துக்கங்க. 2020 டிசம்பர்ல நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவிச்ச உயரம் 8,848.86 மீட்டர். அதுக்கு முன்னாடி பல வருஷமா ரெண்டு நாடும் வேற வேற எண் சொல்லிட்டு இருந்தாங்க, சீனா 2005ல 8,844.43னு சொல்லுச்சு, நேபாளம் பழைய 8,848லயே நின்னுச்சு. யாரும் தப்பா அளக்கல. உச்சில இருக்குற பனியைச் சேர்த்து அளக்கணுமா, பனிக்குக் கீழ இருக்குற பாறை வரைக்குமாங்குறதுதான் தகராறு. இது எல்லாமே கடல் மட்டத்துலேர்ந்து அளக்குற கணக்கு. மலையோட அடிவாரத்துலேர்ந்து அளந்தா ஹவாய்ல இருக்குற மௌனா கியா ஜெயிச்சுடும், கடலுக்கு மேல தெரியுறது 4,207 மீட்டர்தான், ஆனா கடலுக்கு அடியில இருக்குற அடிவாரத்துலேர்ந்து பாத்தா 10,000 மீட்டருக்கும் மேல. பூமியோட மையத்துலேர்ந்து அளந்தீங்கன்னா ரெண்டு பேருமே இல்ல, ஈக்வடார்ல இருக்குற சிம்போராஸோ. அது வெறும் 6,263 மீட்டர்தான், ஆனா பூமி சுழல்றதால நடுவுல புடைச்சிருக்கு இல்லையா, பூமத்திய ரேகைல ஆரம் துருவத்தை விட 21 கிலோமீட்டர் அதிகம், சிம்போராஸோ அந்தப் புடைப்பு மேலேயே உக்காந்திருக்கு, அதனால எவரெஸ்ட் உச்சியை விட கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் மையத்துலேர்ந்து தள்ளி நிக்குது. அதனால "எவரெஸ்ட் இல்ல"ன்னு சொன்னவரும் தப்பில்ல, "எவரெஸ்ட்தான்"னு சொன்னவரும் தப்பில்ல, இப்படி ஒரு கேள்வி வைக்கிறவர்தான் "கடல் மட்டத்துக்கு மேல"ன்னு ஒரு வார்த்தை சேர்க்கணும்.

சினிமாலயும் இதே கதைதான். உலகத்தோட முதல் படம் எதுன்னு கேட்டா பல பேர் லூமியர் சகோதரர்கள்னு கண்ணை மூடிட்டு சொல்லுவாங்க, 1895 டிசம்பர் 28, பாரிஸ் கிராண்ட் கஃபே, ஆளுக்கு ஒரு ஃப்ராங்க் டிக்கெட். ஆனா அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே 1888ல இங்கிலாந்துல லீட்ஸ் ஊர்ல லூயி லெ ப்ரின்ஸ்ங்குறவர் ஒரு தோட்டத்துல குடும்பத்து ஆட்கள் நடக்குறதை ரெண்டு செகண்டு அளவுக்கு எடுத்துட்டார், அது இன்னும் இருக்கு. அந்த மனுஷன் 1890ல ஒரு ரயில்ல ஏறினவர் அப்புறம் யார் கண்ணுலயும் படவே இல்ல. அவரைப் பத்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும், இவ்ளோ பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சவர் பேரை க்விஸ் ஆடுறவங்களைத் தவிர எத்தனை பேர் சொல்றாங்க? 1894ல எடிசன் கம்பெனியோட கினெட்டோஸ்கோப் நியூயார்க்ல காசு வாங்கிட்டு படம் காட்டுச்சு, ஆனா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் துளை வழியா பாக்க முடியும். சரி, திரைல போட்டு காசு வாங்கினதைத்தான் கணக்குல எடுக்கணும்னா அதுலயும் பெர்லின்ல ஸ்க்ளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் லூமியருக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 1895 நவம்பர் 1ஆம் தேதியே காட்டிட்டாங்க. அப்ப லூமியருக்கு ஏன் பேர் நின்னுச்சு? அவங்க கருவி நல்லா வேலை செஞ்சது, ஒரே கருவிலயே படம் எடுக்கலாம், பிரிண்ட் போடலாம், திரைலயும் காட்டலாம், தூக்கிட்டு ஊர் ஊராவும் போகலாம். அதான் உலகம் பூரா பரவிடுச்சு.

மாரத்தான் ஏன் 42.195 கிலோமீட்டர்னு கேளுங்க, நல்ல கேள்வி. 1896 ஏதென்ஸ்ல அது சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல விண்ட்ஸர் கோட்டைல ஆரம்பிச்சு ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உக்காந்திருக்குற இடத்துக்கு முன்னாடி முடியுற மாதிரி வச்சாங்க, அந்த தூரம்தான் 42.195. அடுத்த ஒலிம்பிக்ஸ்ல மறுபடி வேற தூரம், அதுக்கடுத்து 1920ல ஆன்ட்வெர்ப்ல 42.75, கடைசில 1921லதான் லண்டன் தூரத்தையே நிரந்தரமாக்கினாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் ஜாக்கிரதையா இருங்க தம்பி. ஏன்னு கேட்டா வர்ற பதில் ரொம்ப இனிப்பா இருந்தா கொஞ்சம் நின்னு யோசிங்க. அதே 1950 வேர்ல்ட் கப்புக்கு இந்தியா தகுதி பெற்றும் போகல, ஏன்னா வெறுங்கால்ல ஆட விடலன்னு ஒரு கதை எல்லா க்விஸ் புக்லயும் இருக்கும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல நம்ம ஆட்கள்ல நிறைய பேர் வெறுங்கால்ல ஆடினது உண்மை, பிரான்ஸ் கூட 2-1னு தோத்ததும் உண்மை. ஆனா இந்திய ஃபுட்பால் ஃபெடரேஷன் அப்போ சொன்ன காரணம் டீம் செலக்‌ஷன்ல கருத்து வேறுபாடு, ப்ராக்டிஸுக்கு நேரம் பத்தல. அதோட அந்தக் காலத்துல ஒலிம்பிக்ஸ்தான் பெருசு, வேர்ல்ட் கப்பை யாரும் இப்போ மாதிரி மதிக்கல. வெறுங்கால் கதை கேக்க நல்லா இருக்கு, அதனாலதான் ஒட்டிக்கிச்சு.

எல்லாத்துக்கும் ஏன் இருக்கணும்னும் இல்ல. 1877ல மெல்பர்ன்ல நடந்த முதல் டெஸ்ட் மேட்ச்ல ஆஸ்திரேலியா இங்கிலாந்தை 45 ரன்ல ஜெயிச்சது. நூறு வருஷம் கழிச்சு 1977ல அதே மெல்பர்ன்ல நூற்றாண்டு டெஸ்ட் வச்சாங்க, ஆஸ்திரேலியா அதையும் 45 ரன்லயே ஜெயிச்சது. இதுக்கு எந்தக் காரணமும் கிடையாது, ஆனா என்ன அழகு! ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் பிராட்மேனோட டெஸ்ட் ஆவரேஜ் 99.94ம் அப்படித்தான். 1948 ஓவல்ல கடைசி இன்னிங்ஸ், நாலு ரன் எடுத்திருந்தா 7,000 ரன், 70 தடவை அவுட், சரியா 100 ஆவரேஜ். எரிக் ஹோலிஸ் போட்ட ரெண்டாவது பால்ல டக். இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி அடைஞ்சதால ரெண்டாவது தடவை பேட் பண்ற வாய்ப்பும் வரல.

நீங்க கேட்ட கேள்விக்கு வரேன், எந்த மாதிரி வைக்கலாம். நேரா தேதியையோ பேரையோ கேக்குறதை விட, தெரிஞ்ச ரெண்டு விஷயத்தைச் சேர்த்து யோசிச்சா பதில் வர்ற மாதிரி வைங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது காலண்டர் கேள்விகள். பழைய ஜூலியன் காலண்டர் வருஷத்துக்கு 365 நாள் 6 மணி நேரம்னு கணக்கு வச்சுது, நிஜ வருஷம் அதை விட சுமார் 11 நிமிஷம் கம்மி. அந்தப் 11 நிமிஷம் நூற்றாண்டு நூற்றாண்டா சேர்ந்து 1582ல 10 நாள் ஆயிடுச்சு, போப் கிரிகரி அந்தப் பத்து நாளைத் தூக்கிட்டார், அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15. பிரிட்டன் 1752 வரைக்கும் மாறல, ரஷ்யா 1918 வரைக்கும். அதனாலதான் ரஷ்யாவோட அக்டோபர் புரட்சி மத்தவங்க காலண்டர்ல நவம்பர் 7. ஜார்ஜ் வாஷிங்டன் பொறந்தப்போ காலண்டர்ல பிப்ரவரி 11, 1731, இப்போ நாம சொல்றது பிப்ரவரி 22, 1732. பதினோரு நாள் சரி, வருஷம் ஏன் மாறிச்சு? அப்போ இங்கிலாந்துலயும் அவங்க காலனிகள்லயும் புது வருஷம் மார்ச் 25லதான் ஆரம்பிக்கும்!

இதோட தேதிக் கோட்டையும், அதாவது பசிபிக் கடல் வழியா போற, தாண்டினா தேதி ஒரு நாள் மாறுற கற்பனைக் கோட்டையும் சேர்த்தீங்கன்னா இன்னும் சுவாரஸ்யம். சமோவா நாட்டுல 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை, வரவே இல்ல. வியாழக்கிழமை ராத்திரி தூங்கி எழுந்தா சனிக்கிழமை. அவங்க வியாபாரமெல்லாம் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்தோட, ஆனா தேதிக் கோட்டுக்கு அமெரிக்கா பக்கம் இருந்ததால சமோவால வெள்ளின்னா அந்த நாடுகள்ல சனி, சமோவால ஞாயிறுன்னா அங்க திங்கள், வாரத்துல ரெண்டு வேலை நாள் வீணாப் போச்சு, அதான் தாண்டிட்டாங்க.

அலாஸ்கால நேர் எதிர். 1867ல ரஷ்யா அதை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு வித்தப்போ, அக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 18, அதுவும் வெள்ளிக்கிழமை. இதைத்தான் நீங்க கேள்வியா வைக்கணும்னு எனக்கு ஆசை: தேதி மட்டும் தாண்டினதுக்கு என்ன காரணம், கிழமை ரெண்டு தடவை வந்ததுக்கு என்ன காரணம்னு தனித்தனியா கேளுங்க. ரஷ்யா எந்தக் காலண்டர்ல இருந்துச்சு, அலாஸ்கா தேதிக் கோட்டுக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் மாறிச்சுன்னு ரெண்டையும் தெரிஞ்சவங்க பேப்பர்ல போட்டுப் பாத்தே கண்டுபிடிச்சுடலாம், 19ஆம் நூற்றாண்டுல ரெண்டு காலண்டருக்கும் வித்தியாசம் 12 நாள்னு மட்டும் க்ளூ குடுங்க. போனைத் தொடக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிடுங்க, அரை மணி நேரமாவது அவகாசம் குடுங்க. துண்டு துக்கடான்னு சொன்னவர்கிட்டயே முதல்ல கேளுங்க, அவர் எப்படி யோசிச்சார்னு எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா