பிளாக் லிக்கர் ஆற்றலில் எந்த நாடு முன்னணி?

கேள்வி: காகிதக்கூழ் ஆலையில் மிஞ்சும் பிளாக் லிக்கரை எரித்து ஆற்றல் எடுப்பதில் எந்த நாடு முன்னணியில் இருக்கிறது? எப்படி ஒப்பிடுவது?

மொத்த அளவில் அமெரிக்கா. ஆனாலும் அந்நாட்டின் ஆற்றல் பயன்பாட்டில் இது ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடாது. வெறும் 56 லட்சம் பேர் வாழும் பின்லாந்திலோ மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதிலிருந்துதான் வருகிறது. என்னைக் கேட்டால் பின்லாந்துதான் முதலிடம்.

நான் பிளாக் லிக்கரை எரித்து ரசாயனத்தை மீட்கும் ரெக்கவரி பாய்லர் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் அடிப்படையிலிருந்து சொல்கிறேன். மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் வேகவைத்தால் நார் தனியே பிரியும், மரத்தை இறுக்கிப் பிடித்திருந்த லிக்னின் கரைசலோடு வந்துவிடும். அதுதான் பிளாக் லிக்கர். முதலில் அதில் திடப்பொருள் 15 விழுக்காடு அளவுக்கே இருக்கும். ஆவியாக்கிகளில் சுண்டவைத்து 65 முதல் 80 விழுக்காடு வரை கொண்டுவரும்போது கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வந்துவிடும். சூடு குறைந்தால் குழாயிலேயே இறுகிக்கொள்ளும். பாய்லருக்குள் பீய்ச்சினால் லிக்னின் எரிந்து நீராவி தரும். ரசாயனங்கள் உருகி, செந்தணலாக அடியில் வழியும். அதன்மேல் பாய்லர் குழாயிலிருந்து தண்ணீர் கசிந்தால் வெடித்துவிடும். அதனால் அந்தப் பக்கம் யாரும் அலட்சியமாக நிற்க மாட்டோம். அந்த உருக்கைக் கரைத்துப் பதப்படுத்தினால் பழைய வேகவைக்கும் கரைசல் திரும்பக் கிடைக்கும். ரசாயனத்தை மீட்காமல் இந்த முறையில் கூழ் தயாரித்தால் கட்டுப்படியாகாது. ஆகவே எரிபொருள் விலை எப்படியிருந்தாலும் இதை எரித்தே ஆக வேண்டும்.

எரிப்பதும் பெரும்பாலும் அதே ஆலைக்குள்தான். ஆக, ஒரு வட்டாரத்தில் எவ்வளவு காகிதம் தயாராகிறது என்பதை வைத்து இதைக் கணக்கிட முடியாது. எவ்வளவு மரம் இப்படி வேகிறது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் காகித உற்பத்தியில் முதலிடம் ஜெர்மனிக்கு. ஆனால் அங்கே பெரும்பகுதி பழைய காகிதத்திலிருந்து செய்யப்படுவதால் பிளாக் லிக்கர் குறைவு. பின்லாந்தின் ஆனெகோஸ்கியில் 2017-இல் தொடங்கிய ஆலையோ, நிலக்கரியோ எண்ணெயோ இல்லாமல் தன் தேவையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் தயாரிக்கிறது. அமெரிக்க மாநிலங்களை ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அரசு அட்டவணைகளில் விறகும் பிளாக் லிக்கரும் பெரும்பாலும் ஒரே தலைப்பில் சேர்ந்தே வரும்.

மானியக் கணக்கை நம்பியும் ஒப்பிடாதீர்கள். 2009-இல் அமெரிக்காவில் மாற்று எரிபொருள் கலவைக்குக் கேலனுக்கு 50 சென்ட் வரிச்சலுகை கிடைத்தது. கலவை என்று காட்ட வேண்டுமே என்று, பல்லாண்டுகளாக எரித்துவந்த பிளாக் லிக்கரில் ஆலைகள் கொஞ்சம் டீசலைச் சேர்த்தன. பல நூறு கோடி டாலர் கைமாறியது. பசுமைக்கு ஒதுக்கிய சலுகை இப்படிப் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம் பக்கம் கணக்கு வேறு. மரத்துக்குப் பதில் வைக்கோலையோ கரும்புச் சக்கையையோ வேகவைத்தால், அந்த லிக்கரில் சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) அதிகம். ஆவியாக்கிக் குழாய்களில் படிந்துவிடும், அதிகம் சுண்டவைக்கவும் முடியாது. கரூர் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சக்கையில் கூழ் செய்கிறது. அந்தச் சக்கையைச் சர்க்கரை ஆலைகள் முன்பு தங்கள் பாய்லரில் எரித்துவந்தன. அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு நிலக்கரியோ நீராவியோ கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கரூரைப் பின்லாந்தோடு ஒப்பிடுபவர்கள் அந்த நிலக்கரியையும் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.