ஸ்பெயினின் மிகப் பழைய கால்பந்துக் கழகம் ஏன் பெரிய கழகமாக வளரவில்லை?

ரெக்ரியாதிவோ தே உவெல்வா என்ற கழகம் பார்சிலோனாவைவிடப் பத்தாண்டு மூத்தது என்றால், அதன் அலமாரியில் ஒரு முதல் டிவிஷன் பட்டமோ பெரிய கோப்பையோ ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முந்திப் பிறந்தது அந்தக் கழகத்துக்கு ஆட்டக்களத்தில் ஒருபோதும் கைகொடுக்கவில்லை. அது கைகொடுத்தது 2016-இல், கழகம் இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்தபோது மட்டுமே. ஏன் அப்படி என்பதற்கு அது பிறந்த ஊரிலிருந்தும் அந்த ஊரின் சுரங்கத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

உவெல்வா ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில், போர்ச்சுகல் எல்லைக்கு அருகே உள்ள துறைமுக நகரம். ஓதியேல், திந்தோ என்ற இரு ஆறுகள் கடலில் கலக்கும் கழிமுகத்தில் அமைந்திருக்கிறது. 1492-இல் கொலம்பஸ் புறப்பட்ட பாலோஸ் இதன் எதிர்க்கரைப் பக்கம்தான். (பாட்மிண்டன் பார்ப்பவர்களுக்கு இன்னொரு அடையாளம்: 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பி.வி.சிந்துவை வென்ற கரோலினா மரீன் இந்த ஊர்க்காரர்.) ஊருக்கு வடக்கே மலைப்பகுதியில் உள்ள செம்பு, கந்தகச் சுரங்கங்கள் ரோமானியர் காலத்துக்கும் முந்தையவை. கஜானா காலியாகிக் கிடந்த ஸ்பானிய அரசு 1873-இல் அவற்றை ஒரு பிரிட்டிஷ் முதலீட்டுக் குழுவுக்கு விற்றது. அப்படி உருவானதுதான் ரியோ டிண்டோ கம்பெனி; இன்று உலகெங்கும் சுரங்கம் தோண்டும் அதே பெயருடைய பெருநிறுவனத்தின் தொடக்கம் இந்த ஆற்றங்கரை.

கம்பெனி வந்த வேகம் அசாத்தியமானது. இரண்டே ஆண்டுகளில் சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரை சுமார் 84 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடப்பட்டது. அடுத்த ஆண்டே ஓதியேல் ஆற்றுக்குள் வளைந்து நீளும் கப்பல் துறை ஒன்றை இரும்பாலும் மரத்தாலும் கட்டினார்கள். அதைப் பல தட்டுகளாக அமைத்திருந்தார்கள்: தாது ஏற்றிய வேகன்கள் மேல்தட்டிலிருந்து சரிவில் தாமாகவே உருண்டு வரும், கப்பலில் கொட்டிவிட்டுக் கீழ்த்தட்டு வழியாகத் தாமாகவே கரைக்குத் திரும்பும். இழுக்க எஞ்சின் தேவையில்லை. 1975 வரை வேலை செய்த அந்தத் துறைமேடை இன்று உவெல்வா மக்கள் மாலை நடை போகும் இடமாகிவிட்டது. பொறியாளர்கள், கணக்கர்கள், மருத்துவர்கள் என்று பிரிட்டனிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் டென்னிஸ், கிரிக்கெட், கால்பந்து ஆகியவற்றையும் கூடவே கொண்டுவந்தார்கள். மலைமேல் சுரங்க ஊரில் 1870-களிலேயே பந்து உதைத்தார்கள் என்ற பேச்சு வலுவாக உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் கடந்து போகக்கூடாது என்று நினைக்கிறேன். கம்பெனி தாதுவைத் திறந்தவெளியில் குவித்து மாதக்கணக்கில் எரித்தது; அதிலிருந்து எழுந்த கந்தகப் புகை வயலையும் தோட்டத்தையும் மக்களின் நுரையீரலையும் ஒன்றாகக் கருக்கியது. அதை எதிர்த்து 1888 பிப்ரவரி 4 அன்று சுரங்க ஊரின் சதுக்கத்தில் தொழிலாளர்களும் விவசாயிகளும் குடும்பத்தோடு திரண்டபோது ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் 13 பேர் இறந்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு என்றே அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். ஸ்பெயினின் முதல் கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது இது நடந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத நேரத்தில். கழகத்தைத் தொடங்கியவர்கள் அந்தக் கம்பெனி வட்டாரத்து மனிதர்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்காமல், "ஆங்கிலேயர்கள் கால்பந்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்" என்று மட்டும் எழுதுவது பாதிக் கதைதான்.

1889 டிசம்பர் 23 என்பது கழகத்தின் பிறந்தநாள். 'உவெல்வா ரெக்ரியேஷன் கிளப்' என்ற ஆங்கிலப் பெயரோடுதான் அது தொடங்கியது. முதல் தலைவர் சார்லஸ் வில்சன் ஆடம். ஆனால் இதன் உந்துசக்தி என்று எல்லோரும் குறிப்பிடுவது வில்லியம் அலெக்சாண்டர் மக்காய் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை. கம்பெனியின் மருத்துவராக வந்தவர், உடல்நலத்துக்கு வெளிக்காற்றில் விளையாட்டு அவசியம் என்று உறுதியாக நம்பியவர். கழகம் தொடங்கி மூன்று மாதத்துக்குள், 1890 மார்ச் 8 அன்று, செவில்லாவின் தப்லாதா குதிரைப் பந்தயத் திடலில் செவில்லா அணியோடு மோதியது. ஸ்பெயினில் இரண்டு கழகங்களுக்கு இடையே முறையான விதிகளின்படி நடந்த முதல் ஆட்டமாக இதையே கருதுகிறார்கள். செவில்லா 2-0 என்று வென்றது. இரு அணிகளிலும் ஆடியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷார்.

இந்த இடத்தில் ஒரு சர்ச்சையும் உண்டு. செவில்லா கழகம் 1890 ஜனவரி 25 அன்று தொடங்கப்பட்டதாக ஒரு ஸ்காட்லாந்துப் பத்திரிகைச் செய்தி பிற்காலத்தில் கிடைத்தது. அதாவது வித்தியாசம் 33 நாட்கள். "உவெல்வாவினர் பொதுவான பொழுதுபோக்குச் சங்கம் நடத்தினார்கள், கால்பந்துக்கென்றே தொடங்கப்பட்ட முதல் கழகம் நாங்கள்தான்" என்பது செவில்லாக்காரர்களின் வாதம். தர்ரகோனாவின் ஜிம்னாஸ்திக் 1886-ஐச் சேர்ந்தது என்றாலும், உடற்பயிற்சிச் சங்கமாக இருந்த அது கால்பந்துக்கு வந்தது 1914-இல். இத்தனைக்குப் பிறகும் ஸ்பெயினில் 'எல் தெகானோ', அதாவது மூத்தவர், என்று சொன்னால் அது ரெக்ரியாதிவோவை மட்டுமே குறிக்கும். செவில்லாவின் வாதத்தில் சாரம் இல்லாமலில்லை. ஆனால் தேதியை மட்டும் வைத்துப் பார்த்தால் உவெல்வாவின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து.

சரி, இவ்வளவு முன்னதாகத் தொடங்கியும் ஏன் மேலே வரவில்லை? முதல் காரணம், இது யாரையும் வெல்வதற்காகத் தொடங்கப்பட்ட கழகமே அல்ல. ஓய்வு நேரத்தில் டென்னிசும் கிரிக்கெட்டும் ஆட விரும்பியவர்களின் சங்கம். பணிக்காலம் முடிந்து ஊழியர்கள் நாடு திரும்பினால் ஆட்டக்காரர்களும் திரும்பிவிடுவார்கள். 1892-இல், கொலம்பஸ் பயணத்தின் நானூறாவது ஆண்டு விழாவையொட்டி, வெலோத்ரோமோ என்ற சொந்தத் திடல் அதற்குக் கிடைத்தது. அந்தக் காலத்து ஸ்பெயினில் வேறு எவருக்கும் வாய்க்காத வசதி அது. 1906-இல் ஸ்பெயினின் தேசியக் கோப்பையான அரசர் கோப்பைப் போட்டியில் மொத்தமே மூன்று அணிகள் ஆடின, அவற்றில் ஒன்று உவெல்வா. அப்போது மாட்ரிட்டிடம் தோற்றது. அதற்குள் பில்பாவோ, பார்சிலோனா, மாட்ரிட் போன்ற நகரங்களில் கால்பந்து வெளிநாட்டு ஊழியர்களின் கையிலிருந்து உள்ளூர் வணிகர், மாணவர், தொழிலாளர் கைக்கு மாறி, நகரத்தின் மானப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது. உவெல்வா அவ்வளவு பெரிய ஊர் இல்லை. சுமார் 90 கிலோமீட்டரில் இருந்த செவில்லாவோ ஒன்றுக்கு இரண்டு பெரிய கழகங்களை வளர்த்து, ஆண்டலூசியப் பிராந்தியப் போட்டிகளை ஏறக்குறையத் தனக்கே எழுதி வாங்கிக்கொண்டது.

இரண்டாவது காரணம் பலர் கவனிக்காதது. 1929-இல் ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகா தொடங்கியபோது பத்து அணிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? அதுவரை அரசர் கோப்பையை வென்றிருந்த ஆறு கழகங்கள், இறுதிப் போட்டி வரை வந்து தோற்ற மூன்று கழகங்கள், தகுதிச் சுற்று வழியாக வந்த ரேசிங் சாந்தாந்தேர். மூப்புக்கு அங்கே மதிப்பெண் இல்லை. கோப்பை இறுதியையே பார்த்திராத ரெக்ரியாதிவோ கதவுக்கு வெளியே நின்றது. முதல் நாளில் உள்ளே இருந்தவர்களுக்கு வருமானமும் ரசிகர்களும் ஆண்டுதோறும் பெருகின. வெளியே நின்றவர்களுக்கு உள்ளே நுழைவதே ஆயுள்காலப் போராட்டமானது. உவெல்வாவுக்கு அது 49 ஆண்டு பிடித்தது.

இடைப்பட்ட காலம் இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களுக்கு இடையே ஏறுவதும் இறங்குவதுமாகவே கழிந்தது. 1954-இல் கம்பெனி சுரங்கங்களின் பெரும்பங்கை ஸ்பானியர்களுக்கு விற்றது. 1957-இல் வெலோத்ரோமோவுக்குப் பதிலாக கொலம்பினோ அரங்கம் வந்தது. 1965 முதல் கோடைதோறும் நடக்கும் கொலம்பினோ கோப்பை என்ற நட்புப் போட்டி மூலம் பெரிய அணிகளை உள்ளூர்க்காரர்கள் நேரில் பார்த்தார்கள். 1978-இல் முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு ஏறிய அணி, ஒரே பருவத்தில் கடைசி இடம் பிடித்து இறங்கியது.

இரண்டாவது முறை ஏறியது 2002-இல். லூகாஸ் அல்காராஸ் பயிற்சியாளர். நியூவோ கொலம்பினோ என்ற புதிய அரங்கம் திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. லீக்கில் மறுபடியும் தரமிறக்கம், ஆனால் அதே பருவத்தில் அரசர் கோப்பையின் இறுதி வரை போனார்கள். 2003 ஜூன் 28, எல்ச்சே நகர அரங்கம். எதிரே மயோர்க்கா, அதன் முன்வரிசையில் இளம் சாமுவேல் எட்டோ. பாண்டியானி ஒன்று, எட்டோ இரண்டு என 3-0. நூற்றுப் பதின்மூன்று ஆண்டு வரலாற்றில் கழகம் எட்டிய முதல் பெரிய இறுதிப் போட்டி, லீக்கில் தரமிறங்கிய கையோடு வந்து இப்படி முடிந்தது.

இந்தக் கழகத்தின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் அந்த இறுதிப் போட்டியைச் சொல்ல மாட்டேன். 2006 டிசம்பர் 20 இரவையே சொல்வேன். மார்செலினோ கார்சியா தோரால் என்ற இளம் பயிற்சியாளரின் கீழ் இரண்டாம் டிவிஷனின் முதலிடத்தோடு ஏறி வந்திருந்த அணி அது. சாந்தி கசோர்லா அப்போது பெயர் தெரியாத இளைஞர். லிவர்பூலிலிருந்து இரவலாக வந்த ஃப்ளோரென் சினமா போங்கோலும் நைஜீரியாவின் இகெச்சுக்வு உச்சேவும் முன்வரிசை. பெர்னபேயூ அரங்கில் ரியல் மாட்ரிட்டை எதிர்த்து இவர்கள் தற்காப்புக்குள் பதுங்கவில்லை. பந்து கிடைத்த மறுகணமே இரு ஓரங்களிலும் பாய்ந்தார்கள். முதல் பாதியில் சினமா, இடைவேளை முடிந்த சற்று நேரத்தில் உச்சே, கடைசி நிமிடத்தில் விக்கேரா. 3-0. சொந்த அரங்கில் மாட்ரிட்டின் ரசிகர்களே தங்கள் அணியைக் கேலி செய்யும் அளவுக்கு ஒருதலைப்பட்சமான ஆட்டம். ஆனால் அந்த இரவை உவெல்வாவில் யாரும் கொண்டாட்டமாக நினைவுகூர்வதில்லை. ஆட்டத்தைப் பார்க்க மாட்ரிட் நோக்கி வந்துகொண்டிருந்த ரசிகர்களின் பேருந்து ஒன்று வழியில் விபத்துக்குள்ளாகி நால்வர் இறந்துபோனார்கள். கழகத்தின் மிகப் பெரிய வெற்றி அவர்களுக்கு அஞ்சலியாகவே முடிந்தது.

அந்தப் பருவத்தை 54 புள்ளிகளோடு எட்டாம் இடத்தில் முடித்தார்கள். பிறகு நடந்தது சிறு கழகங்களுக்கெல்லாம் வழக்கமாக நடப்பது: மார்செலினோ சாந்தாந்தேருக்குப் போனார், உச்சே கெட்டாஃபேக்குப் போனார், 2009-இல் அணி கடைசி இடத்தில் இறங்கியது. முதல் டிவிஷனில் ஆடியது மொத்தம் ஐந்தே பருவங்கள்.

இறங்கும்போது வருமானம் ஒரே அடியில் சுருங்கும். ஒப்பந்தச் சம்பளங்கள் அவ்வளவு வேகமாகச் சுருங்காது. நகராட்சியின் பிடியிலிருந்து தனியார் உரிமைக்கு மாறியிருந்த கழகம் வரி பாக்கி, சமூகக் காப்புறுதி பாக்கி, ஆட்டக்காரர்களின் சம்பள பாக்கி என்று மூழ்கியது. 2015-இல் மூன்றாம் அடுக்குக்குச் சரிந்தது. 2016-இல் கலைக்கப்படுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தபோது ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், நிதி திரட்டினார்கள். அப்போதுதான் உவெல்வா நகராட்சி, ஒரு சாலைக்கோ அணைக்கோ நிலத்தை எடுப்பதுபோல, பொதுநலன் கருதி கழகத்தின் பங்குகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. கூடவே ஆண்டலூசிய அரசு கழகத்தைப் பண்பாட்டுப் பாரம்பரியமாக அறிவித்தது. நான் தொடக்கத்தில் குறிப்பிட்டது இதைத்தான். கடனில் மூழ்கிய எத்தனையோ ஸ்பானிய மாகாணக் கழகங்கள், சலமான்காவும் லொக்ரோன்யோவும் உட்பட, சட்டப்படி இறந்து வேறு பெயரில் மறுபிறவி எடுக்க வேண்டியிருந்தது. 1889 என்ற தேதி மட்டும் கையில் இல்லாதிருந்தால் உவெல்வாவும் அந்தப் பட்டியலில்தான் சேர்ந்திருக்கும். ஒரு தனியார் பங்கு நிறுவனத்தைக் காப்பாற்ற 'பொதுநலன்' என்ற காரணத்தை எந்த நகராட்சியும் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

காப்பாற்றப்பட்டதால் ஆட்டம் மேம்பட்டுவிடவில்லை. 2019-இல் தன் பிரிவில் முதலிடம் பிடித்தும் தகுதிச் சுற்றில் தோற்று ஏறும் வாய்ப்பைக் கோட்டைவிட்டார்கள். 2021-இல், டிவிஷன்களை மாற்றியமைத்த பருவத்தில், ஒரே பாய்ச்சலில் ஐந்தாம் அடுக்குக்கே விழுந்தார்கள். கிராமத்துத் திடல்களில் ஆடவேண்டிய அந்தப் பருவத்திலும் நியூவோ கொலம்பினோவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. 2022-இல் நான்காம் அடுக்கு, 2023-இல் மூன்றாம் அடுக்கு என்று அடுத்தடுத்து ஏறினார்கள். 2023 தகுதிச் சுற்றின்போது, சுமார் 21,000 பேர் அமரக்கூடிய அரங்கம், லா லிகா நாட்களில்கூட எளிதில் காணக் கிடைக்காத அளவுக்கு நிரம்பியது.