வயரிங் ஹார்னஸ் வடிவமைப்புப் பொறியியல்: ஒரு தந்தைக்கு மறுமொழி

சுன்னாகத்திலிருந்து எழுதிய ஐயா அவர்களுக்கு,

சாதாரணதரம் முடித்திருக்கும் தங்கள் மகள் வாகனங்களுக்கான வயரிங் ஹார்னஸ், அதாவது வயர்களையும் கனெக்டர்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய தொகுதி, வடிவமைக்கும் பொறியியலாளராக வர விரும்புகிறார் என்றும், "வயரிங் வேலைக்கோ பொம்பிளைப் பிள்ளையைப் படிப்பிக்கிறியள்?" என்று உறவினர் கேட்பது மனதை உறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீடுகளுக்கு வயர் இழுப்பது மதிப்புள்ள தொழில்தான். ஆனால் மகள் கேட்பது அதுவல்ல. ஒரு வாகனத்தில் பற்றரியிலிருந்து விளக்குகளுக்கும் உணரிகளுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் செல்லும் நூற்றுக்கணக்கான வயர்களின் தடிப்பு, நிறம், பாதை, கனெக்டர் ஆகியவற்றை, அந்த வாகனம் உருவாகுமுன்பே கணினியில் தீர்மானிப்பவர்தான் இந்தப் பொறியியலாளர்.

ஓர் உதாரணத்தைக் கணக்கிட்டே பார்ப்போம். 12 வோல்ற்று பஸ் ஒன்றின் பின்விளக்குகளுக்கு 0.75 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 10 மீற்றர் தூரம் கொண்டுசென்றால், அதன் தடை ஏறத்தாழ 0.23 ஓம், 5 அம்பியர் மின்னோட்டத்தில் 1.15 வோல்ற்று அளவு வழியிலேயே இழக்கப்பட்டு, விளக்கு மங்கும். வயரை 1.5 ஆக்கினால் இழப்பு பாதியாகும். ஆனால் அந்தத் தடிப்பான வயர் ஏற்கெனவே தெரிவுசெய்த கனெக்டருக்குள் நுழையுமா, கதவுப் பிணைச்சலில் முறியாமல் வளையுமா, தகட்டுத் துளையின் விளிம்பில் உராயாமல் இருக்க அங்கே எந்த இறப்பர் வளையம் பொருந்தும் என்றெல்லாம் மறுபடியும் பார்க்கவேண்டும். உருகியையும், அதாவது பியூஸையும், விளக்கை மட்டும் நினைத்துத் தெரிவுசெய்ய முடியாது. வயர் சூடேறித் தீப்பற்றுமுன் உருகி அறுந்துவிட வேண்டும். மின்சார வாகனங்களில் 400, 800 வோல்ற்று அமைப்புகள் வந்துவிட்டதால் இந்தப் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

இதில் கவனம் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு எயார்பஸ் ஏ380 விமானமே சாட்சி. ஒரு விமானத்தில் சுமார் 530 கிலோமீற்றர் வயர். ஜேர்மனியின் ஹம்பேர்க்கிலும் பிரான்ஸின் துலூஸிலும் இருந்த குழுக்கள் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியதால், தயாரித்த ஹார்னஸ்கள் விமானத்தில் பொருந்தாமற் போயின. 2006 இல் வெளிப்பட்ட இந்தச் சிக்கலால் முதல் விமானம் 2007 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டது. ஆகவே இதைச் சிறிய வேலை என்று சொல்பவர்களின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

படிப்பைப் பொறுத்தவரை, உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் எடுப்பதே நேரான வழி. அதன்பின் மின், இலத்திரனியல் பொறியியல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதால், வீட்டிலிருந்து அதிக தூரம் அனுப்பாமலும் படிப்பிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமற் போனாலும் கதவு மூடிவிடாது. அதே அறிவியல்நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்றகைமை பெற்று, படிப்படியாக மேலே செல்ல இடமுண்டு. வயரை வெட்டி முனை அழுத்திப் பழகியவர் வரைபடத்தின் முன் அமரும்போது, பட்டம் மட்டும் பெற்றவருக்குத் தெரியாத பல விடயங்கள் அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்தத் தொழில் வாகனமும் விமானமும் இயந்திரமும் வடிவமைக்கும் இடங்களைச் சார்ந்தது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே வேலை கிடைக்கும் என்று நம்பி இதைத் தெரிவுசெய்யக் கூடாது. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போக நேரும் என்பதை இப்போதே குடும்பமாகப் பேசிக்கொள்ளுங்கள். வரைபடங்களும் தரநிலைகளும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், உயர்தரக் காலத்தில் ஆங்கிலத்தைக் கைவிட விடாதீர்கள்.

பாடப்பிரிவைத் தீர்மானிக்குமுன் மகளுக்கு ஒரு மல்ரிமீற்றர் வாங்கிக் கொடுங்கள். தங்கள் மோட்டார் சைக்கிளின் விளக்கை எரியவிட்டு, முதலில் பற்றரி முனைகளிலும் பின்பு விளக்கின் முனைகளிலும் வோல்ற்றளவை அளக்கட்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எந்த வயரில், எந்த இணைப்பில் போகிறது என்று தானாகவே தேடத் தொடங்குகிறாரா என்பதைப் பாருங்கள்.