மருத்துவர் பதில்: ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சமைக்கலாம்

கேள்வி: என் ஆறு வயது மகளுக்கு வேர்க்கடலையும் முட்டையும் ஒவ்வாமை என்று சென்ற ஆண்டு உறுதியானது. பயந்துபோய்ப் பருப்பு வகைகளையும் நிறுத்திவிட்டேன். அவளுக்கு ஒரு சமையல், எங்களுக்கு ஒரு சமையல் என்று தினமும் அலுத்துப்போகிறது. மூன்கேக், நவராத்திரி, தீபாவளி என்று அடுத்தடுத்து வரப்போகிறது. வாரச் சாப்பாட்டை எப்படித் திட்டமிடுவது? (சிங்கப்பூர், ஈசூன் வாசகி)

பதில்: முதல் வேலையாக, அவள் முன்பு எந்தத் தொல்லையும் இல்லாமல் சாப்பிட்டுவந்த பருப்புகளை மறுபடியும் கொடுக்கத் தொடங்குங்கள். வேர்க்கடலையும் பருப்பு இனந்தான். ஆனாலும் அது ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் துவரை, பாசிப்பருப்பு, உளுந்து எதுவும் தொல்லை தருவதில்லை. முட்டையும் இல்லை, பருப்பும் இல்லை என்றால் வளரும் குழந்தைக்குப் புரதம் எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 25 கிராம் துவரம்பருப்பிலும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

நம் மொழியில் ‘கடலை’ என்ற சொல்லே குழப்பம் தரும். கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலை மாவு ஆகியவை வேர்க்கடலை அல்ல. கடலை எண்ணெயும் கடலை மிட்டாயும் வேர்க்கடலையில் செய்தவை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், அது வீட்டில் வேண்டாம். பாக்கெட்டில் மலாயில் ‘காச்சாங் தானா’ என்றிருந்தால் வேர்க்கடலை. ‘காச்சாங் பாஞ்சாங்’ வெறும் பயற்றங்காய்.

இனி வாரத் திட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை இரவுச் சாப்பாடு வீட்டில் எல்லாருக்கும் ஒன்றே, முட்டையும் வேர்க்கடலையும் இல்லாமல். நம் சமையலில் இது கடினமே இல்லை. ஞாயிறன்று 4 கப் இட்லி அரிசிக்கு 1 கப் உளுந்து அரைத்தால் மூன்று காலைப் பொழுதுகள் ஓடிவிடும். மற்ற நாள்களுக்குப் பொங்கல், அடை, இடியாப்பம். இரவுக்கு மீன் குழம்பு, கோழி, சாம்பாருடன் தவ்கூ (சோயாக் கட்டி) வறுவல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மீ (நூடல்ஸ்) வாங்கும்போது கவனம்: மஞ்சள் மீயில் முட்டை சேர்ப்பதுண்டு, அரிசி பீஹூனில் இல்லை. மற்றவர்களுக்கு முட்டை வேண்டுமென்றால் சனிக்கிழமை சமையுங்கள். மகளுடையதை முதலில் சமைத்து எடுத்து வைத்துவிட்டு, பிறகு முட்டையை உடையுங்கள்.

பல வீடுகளில் கோட்டை விடுவது மிக்ஸியில்தான். வேர்க்கடலைச் சட்னி அரைத்த ஜாரின் ரப்பர் வளையத்திலும் கத்தியின் அடியிலும் மிச்சம் ஒட்டியிருக்கும். அவளுக்கென்று ஒரு ஜாரும் ஒரு கரண்டியும் தனியாக வைத்துவிடுங்கள். பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும். கைக்குச் சோப்பும் தண்ணீரும்தான். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. வறுப்பதாலும் பொரிப்பதாலும் அந்தப் புரதம் அழியாது. அதனால்தான் வேர்க்கடலை பொரித்த எண்ணெயில் போட்ட முறுக்கும் ஆபத்து.

உணவங்காடியில் சாத்தே குழம்பு, ரொஜாக், காடோ காடோ, ஐஸ் காச்சாங், நாசி லெமாக் ஆகியவற்றில் வேர்க்கடலை இருக்கலாம். புரோட்டாக் கடையில் முட்டை புரோட்டா போட்ட அதே கல்லில்தான் சாதா புரோட்டாவும் வேகும். கோயில் சுண்டலை வாங்குமுன் எந்தக் கடலை என்று கேளுங்கள். மூன்கேக்கின் உள்ளே உப்பு முட்டைக் கரு இல்லாவிட்டாலும், மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருப்பார்கள். தட்டையையும் மிக்சரையும் வீட்டிலேயே செய்து, பாலர் பள்ளிக்கும் ஒரு டப்பா கொடுத்துவையுங்கள். மற்றக் குழந்தைகள் பலகாரம் தின்னும்போது அவள் கையும் வெறுமையாக இருக்காது.

மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் அது அவள் போகும் இடமெல்லாம் போகவேண்டும். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், குளிர்பெட்டியிலும் வேண்டாம். இருமல், மூச்சில் விசில் சத்தம், குரல் கம்முவது, துவண்டுபோவது, சாப்பிட்டதும் திரும்பத் திரும்ப வாந்தி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தொடையின் வெளிப்பக்கத்தில் உடனே ஊசி போடுங்கள். பிறகு ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மூச்சுத் திணறினால் மட்டும் உட்காரலாம். 5 நிமிடத்தில் தெளியவில்லை என்றால், இருந்தால் இரண்டாவது ஊசி. அரிப்பு மருந்து கொடுத்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் உயிருக்கு ஆபத்தாக முடிகிறது.

முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர விலகிவிடும், வேர்க்கடலை அவ்வளவு எளிதில் விலகாது. சில பிள்ளைகளுக்குக் கேக்கில் நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொள்ளும். ஆனால் அதை வீட்டில் சோதிக்காதீர்கள். சோதித்து ஓராண்டு ஆகிவிட்டதால், தீபாவளிக்கு முன்பே ஒவ்வாமை மருத்துவரிடம் நேரம் வாங்கி, அவர் கண்முன் கொடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.