பால்கனி உரம் நாறுகிறதே! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் இருவருமே வேலைக்குப் போகிறோம். மூன்றாம் மாடி பால்கனியில், ஓட்டை போட்ட பக்கெட்டில் காய்கறிக் கழிவைச் சேர்த்தோம். மூன்றே வாரத்தில் நாற்றம், கூடவே தடித்த புழுக்கள். நிறுத்திவிடலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: நிறுத்த வேண்டாம். ஈரம் மிகுந்து காற்று புகவில்லை, அவ்வளவுதான். காய்கறித் தோலில் பெரும்பங்கு தண்ணீர். அது கசிந்து அடியில் தேங்கினால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள் பெருகி அழுகல் வாடை கிளம்பும். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை (கோகோபீட்) தண்ணீரில் ஊறவைத்து அப்படியே போட்டீர்களா? பலரும் சறுக்குவது இங்கேதான். செடி நடுவதற்கு ஊறிய நார் சரி. உரப் பக்கெட்டில் அது ஈரத்தோடு ஈரம். ஊறியதை நன்றாக வெயிலில் காயவைத்து, பொலபொலவென ஆனபின் டப்பாவில் எடுத்து வையுங்கள்.

இப்போதைக்கு பக்கெட்டை ஒரு பழைய சாக்கில் கவிழ்த்து, காய்ந்த நார்த்தூளோ நொறுக்கிய சருகோ கலந்து கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. பக்கெட்டின் அடியில் இரண்டு அங்குலம் சருகு பரப்பி, கலவையைத் திரும்பக் கொட்டுங்கள். பக்கெட்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடி ஓட்டைகள் அடைபடாது.

தினமும் இரவு, வடிகட்டிய கழிவு ஒரு கிண்ணம் போட்டால் சருகு இரண்டு கிண்ணம் மேலே போடுங்கள். ஐந்து நிமிட வேலை. வாரம் இருமுறை கிளறினால் போதும். தொடக்கத்தில் கால் டம்ளர் புளித்த மோர் தெளித்தால் மக்குவது சுறுசுறுப்பாகும். மிஞ்சிய சாம்பார், எண்ணெய்ப் பண்டம், மீன் முள், ஊறுகாய் இவை வேண்டாம். எலுமிச்சைத் தோலை அளவோடு போடுங்கள். தேங்காய் ஓடு இந்தப் பக்கெட்டில் மக்காது. மாங்கொட்டையும் லேசில் மக்காது.

அந்தப் புழுக்கள் கறுப்புப் படைவீரன் ஈயின் குஞ்சுகளாக இருக்கும். கடிக்காது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பூச்சி மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தால், மேலே சருகைத் தடிமனாகப் போட்டு மூடுங்கள்; ஈ முட்டையிட வராது. பக்கெட் நிறைந்ததும் ஒதுக்கி வைத்து, இரண்டாவதைத் தொடங்குங்கள். ஒதுக்கியது காபித்தூள் நிறத்தில், மண்வாசனையோடு இருந்தால் தயார். ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும்.

கேள்வி: ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் தொட்டிக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். இலை நுனி கருகுகிறது. ஏன்? – வாசகர், வேளச்சேரி

பதில்: உப்பு. உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 800 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லிட்டரில் ஒரு லிட்டர் குடிநீராகப் பிரிந்தால், அதன் உப்பும் மீதி மூன்று லிட்டரில்தான் சேரும், ஆயிரத்தைத் தாண்டும். தொட்டியில் நீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். ஒருநாள் நல்ல தண்ணீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல் இருமடங்கு, அடியில் வழிந்தோடும்படி ஊற்றி மண்ணை அலசுங்கள். கழிவு நீர் வீடு துடைக்கவும் கழிவறைக்கும் போகட்டும்.

குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். 500-க்குள் இருந்தால், உப்பை நீக்க ஆர்.ஓ. தேவையில்லை. ஆனால் டி.டி.எஸ். மீட்டர் கிருமியையும் காட்டாது, ஃப்ளோரைடையும் தனித்துக் காட்டாது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்கள் ஆய்வகத்தில் சோதிக்காமல் முடிவெடுக்காதீர்கள்.

கேள்வி: நான்ஸ்டிக்கை விட்டு இரும்புக் கல்லுக்கு மாறினோம். தோசை ஒட்டிக்கொள்கிறது. – வாசகி, திருச்சி

பதில்: அதே கல்லில் சப்பாத்தி சுடுகிறீர்களா? எண்ணெயில்லாத வறட்டுச் சூட்டில், பழகிய எண்ணெய்ப் படலம் போய்விடும். சப்பாத்திக்குக் கல் தனி. பாத்திர சோப்பும் வேண்டாம். வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். ஒட்டும் நாளில் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு, சூடான கல்லில் தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். முதல் தோசை பிய்ந்தால் பிய்யட்டும்.